அடிபட்டது கடலில், அச்சம் ஊரில்

2005 ஜூலை 27. முந்தைய நாள் பெய்த பேய்மழையில் மும்பை மூழ்கிக் கிடந்தது. அங்கிருந்து 160 கிலோமீட்டருக்கும் அப்பால் அரபிக் கடலில், ஓஎன்ஜிசியின் எண்ணெய் வயலில் நின்றிருந்த ‘சமுத்திர சுரக்ஷா’ என்ற கப்பலில் ஒரு சமையல்காரரின் இரண்டு விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. மழையால் ஹெலிகாப்டர் வர வழியில்லை. அவரைக் கூடையில் ஏற்றி, கிரேனால் தூக்கி, ‘மும்பை ஹை நார்த்’ எண்ணெய் மேடைக்கு மாற்றினார்கள். அதன்பிறகு அலையில் தள்ளப்பட்ட கப்பல், மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. பற்றிய தீயில் இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லாமல் போனது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 22 பேரைக் கடல் கொண்டுபோனது.

எண்ணெய்த் துறையில் பாதுகாப்புப் பயிற்சி எடுப்பவர்களுக்கு இந்த விபத்து ஒரு பாடம். கப்பல் எந்தப் பக்கமாக வந்திருக்க வேண்டும், குழாய்க்கு ஏன் காப்பு இல்லை என்றெல்லாம் அதில் பேசுவார்கள். நாம் அதை இங்கே எடுத்ததற்குக் காரணம் வேறு. மேடை எரிந்தால் விசாரணைக் குழு வரும், அறிக்கை வரும், நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். ஒருவருடைய இரண்டு விரல் மட்டும் போகிற நாளில் இவை எதுவும் வருவதில்லை. அவர் கையில் கட்டோடு ரயிலேறி ஊர் வந்து சேர்ந்துவிடுகிறார்.

2021 மே 17 அன்று டவ்தே புயலில் மூழ்கிய பி-305 பார்ஜையும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அதில் 261 பேர் இருந்தார்கள். கடற்படை 186 பேரைக் காப்பாற்றியது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், ஹெல்ப்பர் என்று ஒப்பந்தத்தில் போன தொழிலாளர்கள்தான் அதில் பெரும்பாலோர். புயல் எச்சரிக்கை வந்தும் பார்ஜ் ஏன் கரைக்குத் திரும்பவில்லை என்று நாடே கேட்டது. காவல் துறை வழக்குப் பதிந்தது. இறந்தவர்களுக்காகக் கேட்க ஆள் இருந்தது. உயிரோடு, ஆனால் உறுப்பு குறைந்து திரும்புகிறவர் தனக்காகத் தானேதான் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் ஏன் கேட்பதில்லை என்பதே இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

கிணற்றிலிருந்து கடலுக்கு

நம் பகுதிக்கு எண்ணெய் புதிதல்ல. நரிமணத்திலும் கமலாபுரத்திலும் அடியக்கமங்கலத்திலும் வயலுக்கு நடுவே ரிக் நின்றதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. காரைக்காலில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. நடவும் அறுப்பும் எந்திரத்துக்குப் போன பிறகு, கூலி வேலையை நம்பியிருந்த வீட்டுப் பிள்ளைகள் ஐடிஐயில் வெல்டர், ஃபிட்டர் படித்தார்கள். முதலில் உள்ளூர் ரிக்கில் ஒப்பந்த வேலை. அப்புறம் மும்பைக் கடல். இன்னும் துணிந்தவர்கள் சவூதி, கத்தார், அபுதாபி.

நிரந்தர ஊழியருக்குக் கடலில் 14 நாள் வேலை, பிறகு 14 நாள் ஓய்வு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு கிடையாது. மழைக்காலம் முடிந்து கடல் அடங்கினால் பார்ஜ் ஏறுவார்கள், அடுத்த மழைக்கு முன்னால் வேலையை முடித்தாக வேண்டும். சித்திரை வந்துவிட்டால் அவசரம் கூடும். அடிபடுவதும் அந்த அவசரத்தில்தான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

நாம் சந்தித்த இளைஞருக்கு அடிபட்டபோது வயது 28. நாகை மாவட்டத்துக்காரர். பெயரையும் ஊரையும் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசினார். ரிக்கருக்கு ஹெல்ப்பராகப் போனவர். கிரேனில் தொங்கிய குழாயைக் கையால் பிடித்து நேராக்கும்போது, கம்பி வடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் இடது கை சிக்கியது. மூன்று விரல்கள் போயின. மேடையிலிருந்த மருத்துவ உதவியாளர் கட்டுப்போட்டார். மறுநாள் ஹெலிகாப்டரில் ஜுஹு, அங்கிருந்து ஒரு தனியார் மருத்துவமனை. பதினோராம் நாள் கையில் 60,000 ரூபாயும் ரயில் டிக்கெட்டும் கொடுத்தார்கள். அதற்கு முன் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் கையெழுத்து. தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். “எழுதலைங்க, வெத்துத் தாளு” என்றார்.

வழக்குப் போட ஏன் தயக்கம், கம்பெனிக்குப் பயமா என்று கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

“கம்பெனிக்காரன் மொகமே எனக்குத் தெரியாதுங்க. அவனுக்கு எதுக்குப் பயப்படணும்? கேஸ் போட்டா நோட்டீஸ் வர்றது எங்க ஊரு அண்ணன் வீட்டுக்குத்தான்.”

அண்ணன் என்று அவர் சொல்வது குடியானத் தெருவில் இருக்கும் ஆள் சப்ளை கான்ட்ராக்டரை. மும்பை ஒப்பந்த நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் துணை ஒப்பந்தம் அவருடையது. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் கடலுக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தப் பயிற்சிக்கும் ரயில் செலவுக்கும் பணம் கொடுத்தது அவர்தான். சம்பளத்தில் பிடித்துக்கொண்டதில் இன்னும் கொஞ்சம் பாக்கி. இளைஞரின் அம்மா இன்றைக்கும் அந்த அண்ணன் வீட்டு வயலில்தான் களை எடுக்கப் போகிறார். அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர், இரண்டு சித்தப்பா மகன்களும் ஒரு மச்சானும், அதே ஆள் மூலமாகக் கடலில் இருக்கிறார்கள். “நான் கேஸ் போட்டா அந்த மூணு பேருக்கும் அடுத்த தடவ கூப்பாடு வராது” என்கிறார்.

கான்ட்ராக்டர் மிரட்டவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார், ஆரஞ்சு வாங்கி வந்தார். “கேஸு கீஸுன்னு எவனாவது சொல்லுவான், கேக்காதடா. நான் இருக்கேன்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்த ‘நான் இருக்கேன்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் எத்தனை தலைமுறை வயது என்று படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையில் கடன் வாங்கிக் கல்யாணம் செய்த காலத்திலும் இதே சொல்தான்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு

அச்சப்படாதீர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது நேர்மையாகாது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் கொளுத்திய மண் இது. கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்ததும் இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். கோர்ட் என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்கு அறியாமை காரணமல்ல, அனுபவம்தான் காரணம்.

அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்ற அச்சமும் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனின் வட கடல் எண்ணெய் மேடைகளில் ‘என்.ஆர்.பி.’ என்று ஒரு வழக்கம் இருந்தது. ‘திரும்பி வரத் தேவையில்லை’ என்பதன் சுருக்கம். பாதுகாப்புக் குறையைச் சொன்னவர், காயத்துக்கு நியாயம் கேட்டவர் பெயருக்கு எதிரே இந்த மூன்றெழுத்து விழுந்துவிட்டால் வேறு மேடையிலும் வேலை கிடைக்காது என்ற பயத்தில் ஆட்கள் வாய் திறக்காமல் இருந்தார்கள். 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த கல்லன் பிரபுவின் 1990 அறிக்கை 106 பரிந்துரைகளைச் செய்தது. 1992-இல், பாதுகாப்புக்காகப் பேசும் கடல் தொழிலாளியைப் பழிவாங்குவதிலிருந்து காக்க அங்கே தனிச் சட்டமே வந்தது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அந்த அச்சம் உண்மையானது. அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நம்முடைய இழப்பீட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. இழப்பீடு கேட்டவரை அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் அதைத் தண்டிக்க அதில் பிரிவு கிடையாது. இந்தக் குறையை மறைத்துவிட்டுச் சட்டத்தின் பெருமையைப் பேசுவதில் நமக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த இளைஞரிடம் இன்னொன்றும் கேட்டோம்: மூன்று விரல் போன கையோடு உங்களை ரிக்கர் வேலைக்கு மறுபடி கூப்பிடுவார்களா? அவர் சிரித்தார். கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். அவரைப் பொறுத்தவரை அஞ்சுவதற்கு வேலை ஒன்றும் மிச்சமில்லை. அவர் பயப்படுவது அந்த மூன்று பேருக்காகவும் அம்மாவின் களைக் கூலிக்காகவும்தான்.

சட்டம் யாரிடம் கேட்கச் சொல்கிறது

இந்த இடத்தில்தான் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தன் தொழிலின் பகுதியாகிய ஒரு வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துச் செய்விக்கும் முதலாளியை ‘முதன்மை முதலாளி’ என்கிறது. அவருடைய பொறுப்பிலுள்ள இடத்தில் அடிபட்டால், ஒப்பந்தத் தொழிலாளி நேராக அவரிடமே இழப்பீடு கேட்கலாம். முதன்மை முதலாளி கொடுத்துவிட்டு, அதை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு.

கடலில் மேடை யாருடையதோ, வேலையைக் கொடுத்தது யாரோ, அவர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஊர் அண்ணன் பெயரை முன்னால் வைத்துத்தான் மனு எழுத வேண்டும் என்பதில்லை. அவருக்கும் நோட்டீஸ் போகாது என்று நாம் உறுதி சொல்ல மாட்டோம். முதன்மை முதலாளியே அவரை இழுத்துவிடக்கூடும். ஆனாலும் ‘என்மேல கேஸ் போட்டுட்டான்’ என்பதற்கும், ‘மும்பைக் கம்பெனி மேல போட்டான், அதுல என்னையும் கூப்பிட்டிருக்காங்க’ என்பதற்கும் தெருவில் வித்தியாசம் உண்டு.

ஒரு விளக்கம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது அதன் ஏழாவது அத்தியாயம் இருக்கிறது. இந்த இளைஞரின் விபத்து அதற்கு முன்பு நடந்தது. அதனால் இங்கே நாம் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1923 சட்டத்தினுடையவை. புதிதாக அடிபட்டவர்கள் வழக்கறிஞரிடம் புதிய பிரிவு எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கேஸ்’ என்ற சொல்லே பாதிப் பயத்தை உண்டாக்குகிறது. போலீஸ், கூண்டு, சாட்சி என்று மனம் ஓடுகிறது. இது அப்படிப்பட்ட வழக்கு அல்ல. தொழிலாளர் துறையின் துணை ஆணையர் முன்பு கொடுக்கும் மனு. முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டதா என்பதுதான் கேள்வி. சொல்லப்போனால் மனு வரும்வரை முதலாளி காத்திருக்கவே கூடாது. இழப்பீடு உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவரே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம் விதிக்கவும் 4-ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் தவணை தவறியவர் முதலாளிதான்.

“என்மேலயும் தப்பு இருக்குங்க, கையுறை போட்டிருந்தேன், ஆனா கை வைக்கக் கூடாத எடத்துல வச்சுட்டேன்” என்றார் அந்த இளைஞர். இதையும் நிறையப் பேர் சொல்கிறார்கள். கவனக்குறைவு என்பது இழப்பீட்டை மறுக்கக் காரணம் ஆகாது. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, காப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது, இவற்றால் விபத்து நடந்தால்தான் மறுக்கலாம். மரணமோ நிரந்தர முழு ஊனமோ என்றால் அந்தக் காரணங்களும் செல்லாது.

அறுபதாயிரமும் ஐந்தே முக்கால் லட்சமும்

இப்போது கணக்குக்கு வருவோம். இதைப் படிக்கும் மாணவர்கள் காகிதம் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், கடினமில்லை.

நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரி அறிவிக்கையின்படி 15,000 ரூபாய்தான் கணக்கில் வரும். இளைஞரின் சம்பளம் 22,000. ஆனாலும் 15,000 என்றே கொள்வோம். அதில் 60 சதவீதம் 9,000. வயது 28-க்கு அட்டவணையில் உள்ள எண் 211.79. பெருக்கினால் 19,06,110 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. ஒரு கையில் மூன்று விரல் இழப்பை 30 சதவீத ஊனம் என்று முதலாம் அட்டவணை வகுத்திருக்கிறது. அப்படியானால் 5,71,833 ரூபாய். மருத்துவச் செலவு தனி. ஓராண்டு தாமதத்துக்கு வட்டி மட்டும் 68,000 ரூபாய்க்கு மேல்.

இந்தக் கணக்கை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் போட்டோம். அவருடைய அப்பா கூட்டலை இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னார். அவர்களுக்குக் கிடைத்தது 60,000. சம்பளத்துக்கு 15,000 என்ற உச்சவரம்பே அநியாயம் என்பது நம் கருத்து. கடலில் உயிரைப் பணயம் வைப்பவரின் உண்மைச் சம்பளத்தைச் சட்டம் ஏன் பார்க்க மறுக்கிறது? அந்த அநியாயக் கணக்கின்படி வந்த தொகையில்கூட அவர்கள் கைக்கு வந்தது ஒன்பதில் ஒரு பங்குதான்.

சரி, வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து? அவருடைய மிகப் பெரிய கவலை அதுதான். அதை வைத்து என்னவேண்டுமானாலும் எழுதிக்கொள்வார்கள் என்று தூக்கமில்லாமல் கிடந்ததாகச் சொன்னார். சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. இரு தரப்பும் பேசி ஒரு தொகையை முடிவு செய்தால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 28-ஆவது பிரிவு. தொகை போதாது, ஏமாற்றி வாங்கியது, நெருக்கடி கொடுத்து வாங்கியது என்று தெரிந்தால் பதிவு செய்ய மறுக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. பதிவே செய்யாவிட்டால் முழுத் தொகைக்கும் முதலாளி பொறுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கிய முத்திரைத் தாள் எந்த ஆணையரிடமும் போயிருக்காது. ஏற்கெனவே கொடுத்த 60,000-ஐக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வாதாடலாம். கழித்தாலும் ஐந்து லட்சத்துக்கு மேல் நிற்கிறது.

மும்பைக்குப் போக வேண்டாம்

விபத்து நடந்த இடம் கடல். ஒப்பந்த நிறுவனம் மும்பை. வழக்குக்கு அங்கே அலைய வேண்டும் என்று நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள். 21-ஆவது பிரிவின்படி, அடிபட்டவர் வழக்கமாக வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனு கொடுக்கலாம். இறந்துபோனால் அவரை நம்பியிருந்தவர்கள் வசிக்கும் பகுதியில் கொடுக்கலாம். அலைய வேண்டியது கம்பெனிதான். ஆணையர் இழப்பீடு கொடுக்கச் சொல்லி, அதை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடு மேல்முறையீடு என்று இழுத்துக் காலத்தைக் கடத்துவது இதனால் ஓரளவு குறைகிறது. ஓரளவுதான். ஆண்டுக்கணக்கில் நடக்கும் மனுக்களும் உண்டு.

கெடு இரண்டு ஆண்டு. விபத்து நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம் என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஈஎஸ்ஐ அட்டை உள்ளவர்களுக்கு வழி வேறு. அவர்கள் இந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது, ஈஎஸ்ஐ நிறுவனத்திடம்தான் ஊனப் பலன் பெற வேண்டும். 1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான் அதற்கு அடித்தளமான அடார்கர் அறிக்கை வந்தது. கப்பல் பணியாளருக்கான சி.டி.சி. புத்தகம் வைத்திருப்பவர்களுக்கும் தனி விதிகள் உண்டு. பார்ஜில் போகும் வெல்டருக்கும் ஹெல்ப்பருக்கும் பெரும்பாலும் இரண்டும் இருக்காது.

வளைகுடாவுக்குப் போனவர்களின் நிலை கூடுதல் சிக்கல். அங்கே பாஸ்போர்ட்டும் விசாவும் முதலாளி கையில். வழக்கென்றால் அந்த நாட்டுச் சட்டம். இருந்தாலும், குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம் ரூபாய் வரை. ஏஜென்ட் கட்டினானா, பாலிசி எண் என்ன என்று விமானம் ஏறும் முன் கேட்டு வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடும் ஏஜென்ட்டை நம்பிப் போனால் இதுவும் கிடையாது.

வக்கீலுக்குப் பணம்?

இங்கேதான் நம் மக்களுக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞர் தருகிறது. வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழ் போதும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் எடுத்து வைத்த அதே சான்றிதழ்தான் இதற்கும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்து, ‘வர்றதுல பாதிக்குப் பாதி’ என்று பேசி வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். காண்ட்ராக்டரின் வெற்றுத் தாளுக்குத் தப்பி இவர்களுடைய வெற்றுத் தாளில் விழுந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கடலில் நடந்ததற்கு என்ன சாட்சி, கூட வேலை பார்த்தவன் வர மாட்டான் என்பது இன்னொரு கவலை. உண்மைதான், பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆனால் கடல் மேடையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்த நேரத்தில் யார் யார் மேலே இருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். பி.ஓ.பி. லிஸ்ட் என்பார்கள். தீப்பிடித்தால் தலை எண்ணுவதற்காக வைத்திருப்பது அது. ஹெலிகாப்டரில் ஏறியவர் பெயரும் பதிவாகும். மருத்துவ உதவியாளரின் பதிவேட்டில் காயம் இருக்கும். ‘இந்த ஆளே எங்கள் ஆள் இல்லை’ என்று கரையில் சொல்வது எளிது, கடலில் அப்படிச் சொல்லிவிட முடியாது. இவற்றைக் கொண்டுவரச் சொல்லி மனுவிலேயே கேட்கலாம். அடிபட்டவர் கையில் இருக்க வேண்டியவை கேட் பாஸ், பயிற்சிச் சான்றிதழ், சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு. சம்பளத்தைக் கையில் வாங்கியவர்கள், அது பற்றி வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

அந்தத் தெருவில் நாம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது இளைஞரின் அம்மா குறுக்கே பேசவில்லை. கிளம்பும்போதுதான் கேட்டார், “கெடு என்னைக்குன்னு சொன்னீங்க?” சித்திரை மாதக் கடைசி என்றோம். விரலை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தார். “தை அறுப்புக் கூலி கைக்கு வந்துரட்டும். அப்புறம் அந்த வயலுக்கு நான் போகல. அதுக்கு மேல நீ போயி எழுதிக் குடு” என்று மகனிடம் சொன்னார். மகன் பதில் சொல்லவில்லை. மச்சானுக்குப் போன் செய்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று நம்மிடம் சொன்னார். மச்சான் இருக்கும் பார்ஜில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சிக்னல் கிடைக்குமாம்.